சார்ஜ் லிஸ்ட்டில் பிள்ளையையும் சேருங்க

வங்கியில் ஒரு அதிகாரிக்கு மாற்றல் வந்தால் சார்ஜ் ஒப்படைக்காமல் கிளம்ப முடியாது. சாவி, ரொக்கம், நகைக்கடன் பைகள் எல்லாத்தையும் எண்ணி, எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அதே அதிகாரியோட பிள்ளை பள்ளி மாறும்போது கூடப் போறது ஒரு டி.சி. மட்டும்தான். மணிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கும், தண்ணி வேணும்னா வாயால கேட்காமல் படத்தைக் காட்டும் என்பதெல்லாம் அதில் எங்கே இருக்கு?

ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி மாறுவது சாதாரண விஷயம் இல்லைங்க. பழகின உலகமே ஒரே நாளில் கைவிட்டுப் போகுது.

எங்க ஊர் கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடின பிறகு, மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் ராத்திரி திரும்புவதே நிறைய வீடுகளில் பிழைப்பு. பிள்ளையைப் பள்ளியில் விடுறது பாட்டிதான். புது டீச்சரிடம் பிள்ளையைப் பற்றி உட்கார்ந்து பேச அப்பா அம்மாவுக்கு நேரம் ஏது?

அதனால்தான் சொல்றேன், ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. எது பயமுறுத்தும், எது அமைதிப்படுத்தும், எப்படிக் கேட்கும், எதில் கெட்டிக்காரன். பழைய டீச்சரையும் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. பள்ளி திறக்கும் முன்னாடியே வகுப்பறை, கழிவறை, வேன் எல்லாத்தையும் பிள்ளைக்குக் காட்டுங்க.

இன்னொண்ணு. "குழம்பிடும், வீட்டில் தமிழை நிறுத்துங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு இருக்கிற பேச்சும் நின்னுடும்.

பள்ளியில் புது மொழியின் எழுத்து கஷ்டமா? கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லுது. சான்றிதழோடு, எழுத்து மூலமாகக் கேளுங்க. டி.சி. வரத் தாமதம் என்று அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

இப்படிப்பட்ட பிள்ளையைக் கவனிக்கும் ஊழியருக்குச் சுழற்சி மாற்றலில் விலக்கு தரலாம் என்று 2014இலேயே மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு ஆணை போட்டது. தனியார் கம்பெனியில் இருப்பவர்களும் கேட்டுப் பாருங்க. கேட்பதில் வெட்கம் வேண்டாம். நம்ம ப்ரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப் போகலாம், பரவாயில்லை. பிள்ளைக்குப் பள்ளி மேல் நம்பிக்கை போனால் அதைத் திரும்ப வரவைக்க அதைவிட அதிக காலம் ஆகும்.