மோட்டர் வண்டிக்கு எண்ணெய் மாற்றுவோர் கவனத்திற்கு

சந்தைக்குச் சென்றால் மீனின் செவுளை விரித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்க்கிறோம். சேலையின் கரையைப் பகல் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுகிறோம். இத்துணை விழிப்புடைய நாம், பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய மோட்டர் வண்டியைச் சேர்விஸ் நிலையத்தில் விட்டவுடன் மட்டும் வாய் திறவாதவர்களாகி விடுகிறோம். “நல்ல எண்ணெயாகப் பார்த்து ஊற்றிவிடுங்கள், தம்பி” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கொள்கிறோம். எல்லா வண்டிக்கும் பொதுவான நல்ல எண்ணெய் என்று ஒன்று இல்லை. (நல்லெண்ணெய் சமையலறைக்கு உரியது!) உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய், ஏற்காத எண்ணெய் என்ற இரண்டே உண்டு.

எஞ்சினுள்ளே உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாதிருப்பது இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தினாலேயாம். வெப்பத்தை எடுத்துச் செல்வதும், கரியையும் அழுக்கையும் தன்னுள் தாங்கி நிற்பதும் அவ்வெண்ணெயின் பணியே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நமது நாட்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனால் வயதேறிய வண்டிகளையே பேணி ஓட்டும் குடும்பங்கள் பல. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கோ எஞ்சின் பழுதடைதல் வீட்டில் அடுப்பு அணைவதற்கு ஒப்பானது.

எண்ணெய்க் கலனின் மேல் 0டபிள்யூ-20, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்றவாறு இலக்கங்கள் காணப்படும். பௌதிகம் கற்கும் மாணவர்கள் இவற்றை எளிதில் விளங்கிக் கொள்வர். இவை எண்ணெயின் பிசுக்குமையைக் குறிப்பன. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள இலக்கம் சிறிதாக இருப்பின், குளிர்ந்த நிலையிலும் எண்ணெய் விரைந்தோடும். பின்னுள்ள இலக்கம் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டுவது.

“நம்முடையது வெப்ப நாடு, தடித்த எண்ணெய்தான் சரி” என்று கூறுவோர் பலர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆயினும் நன்கு சூடேறி ஓடும் எஞ்சினின் உள்வெப்பம் யப்பானிலும் யாழ்ப்பாணத்திலும் பெரிதும் வேறுபடுவதில்லை. மெல்லிய எண்ணெய்க்கென அமைத்த புதிய எஞ்சினில் தடித்ததை ஊற்றினால், காலையில் வண்டியைக் கிளப்பும்போது எண்ணெய் மேலேறத் தாமதமாகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். 20டபிள்யூ-50க்கென அமைந்த பழைய எஞ்சினில் 0டபிள்யூ-20ஐ ஊற்றுவதோ படலத்தையே மெலியச் செய்துவிடும். எனவே தீர்ப்புக் கூறவேண்டியது வண்டியின் கைந்நூலேயன்றி நாமோ மெக்கானிக்கோ அல்ல.

கைந்நூல் யப்பானிய மொழியில் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான்; இங்கு ஓடும் வண்டிகளிற் பல யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. எனினும் இலக்கங்களுக்கு மொழியில்லை. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியிலேயே அவை பொறிக்கப்பட்டிருத்தலும் உண்டு. இல்லையேல், கைத்தொலைபேசியால் படம் பிடித்து மொழிபெயர்க்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். நம்மைவிட விரைவில் முடித்துவிடுவர். எத்தனை லீற்றர் தேவை, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பனவும் அங்கேயே இருக்கும்.

அடுத்தது கலன். முத்திரை உடையாத கலனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். பெயர் பெற்ற கலன்களில் போலி எண்ணெய் அடைத்து விற்பதும் நடப்பதொன்றாகையால், விலை மிகக் குறைந்திருப்பின் மகிழ்வதற்கு முன் ஐயுறுக. சிறிய கார்கள் பலவற்றுக்கு மூன்று அல்லது மூன்றரை லீற்றர் போதும். விற்கப்படும் கலனோ பெரும்பாலும் நான்கு லீற்றர். முழுக் கலனுக்கும் பணம் செலுத்தியிருந்தால் எஞ்சியது உங்களுடையது. வெட்கப்படாது கேட்டு வாங்கி வாருங்கள். அளவு குறையும்போது ஊற்ற உதவும். பற்றுச்சீட்டில் எண்ணெயின் பெயர், இலக்கம், அளவு ஆகிய மூன்றையும் எழுதுவித்தல் நன்று.

எண்ணெய் வடிகட்டியை மாற்றியதாகக் கூறினால் பழையதைக் காட்டும்படி கேட்கலாம். அதன் இறப்பர் வளையம் சிலவேளை எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதை அகற்றாது புதியதைப் பொருத்தின் வளையங்கள் இரண்டாகி எண்ணெய் பீறிட்டு வழியும். எண்ணெய் வடிக்கும் ஆணிக்கும் புதிய வளையம் போடச் சொல்லுங்கள். செலவு சொற்பமே.

இனி, “உங்கள் எண்ணெய் கறுத்துவிட்டது, உட்புறத்தைக் கழுவவேண்டும், இந்த மருந்தையும் சேர்த்தால் எஞ்சின் புதிதாகிவிடும்” என்ற உபதேசம் ஒன்று வரக்கூடும். கறுத்தல் கெடுதலன்று. அழுக்கைத் தாங்கும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். டீசல் வண்டியில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கைந்நூலிற் சொல்லப்படாத மருந்துக்குப் பணிவாக “வேண்டாம்” என்று கூறிவிடலாம். கேள்வி கேட்பதால் மெக்கானிக் மனம் நோவாரோ என்று அஞ்சவேண்டியதில்லை. தொழிலறிந்தவர் விரும்பியே விளக்குவார். சினப்பவரிடம் அடுத்த முறை போகாதிருக்கலாம்.

கழித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். வடிகாலிலோ வெறுந்தரையிலோ ஊற்றும் இடமாயின் வேறிடம் நாடுவது மேல். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் மின்னிலையத்தோடு தொடர்புடையது. சேர்விஸ் நிலையங்களால் நேர்ந்ததன்று. ஆனால் 2019இல் உயர் நீதிமன்றம் வரை சென்று தீர்ப்புப் பெற்ற அவ்வழக்கு, சுண்ணக்கல் நிலத்தில் விழுந்த எண்ணெய் எவர் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்ற கேள்வியை எழுப்பியே சென்றது.

வண்டியைப் பெற்றதும் எஞ்சினைக் கிளப்புங்கள். எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்குச் சில வினாடிகளில் அணைதல் வேண்டும். அணையாவிடின் உடனே நிறுத்திவிடுக. பின்னர்ச் சமதரையில் நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் இட்டுப் பாருங்கள். இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நின்றாற் போதும். மேற்குறியைத் தாண்டினால் நுரைத்துக் கேடு விளைக்கும். மிகையானதை அங்கேயே வடிக்கச் சொல்லுங்கள். அன்றிரவு வண்டியின் கீழே பழைய பத்திரிகைத் தாளொன்றை விரித்து வையுங்கள். இப்பத்திரிகையாயினும் எமக்கு வருத்தமில்லை. காலையில் அதிலே எண்ணெய்த் துளி தென்பட்டால், முதலில் அளவுகோலைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிப் போங்கள்.