கைபேசி செய்யும் கைகளும் மேகத்தின் உடைமையாளர்களும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே செல்வோர் தடாவை நெருங்கும்போது, மேற்கே விரிந்து கிடக்கும் ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தைக் காணலாம். 2008இல் சித்தூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அது, 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின்னர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அதை ஒட்டிய சத்தியவேடு பகுதி 1960 ஏப்ரல் வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி இங்கே வந்தது. சத்தியவேடு அங்கே சென்றது. எல்லைக்கோடு இடம் மாறிய பின்னும் அவ்வூர்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. இன்று அங்கே ஒலிக்க வேண்டிய இன்னொரு குரல், உழைப்பவரின் குரல்.

2015 ஆகஸ்டில் ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் தயாரித்த தனது முதல் கைபேசியை அறிமுகம் செய்தது. அதைப் பொருத்திக் கொடுத்தது ஸ்ரீசிட்டியில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலை. அதன் பின் ரேணிகுண்டாவை ஒட்டி மின்னணுத் தொழில் தொகுப்புகள் உருவாயின. செல்கான் கைபேசி ஆலை, டிக்சன் தொலைக்காட்சி ஆலை எனத் திருப்பதியின் முகம் மாறியது. கைபேசி பொருத்தும் வரிசைகளில் நிற்போரில் பெரும்பான்மையினர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் இளம்பெண்கள். மாங்கூழ் ஆலைகள் தோத்தாபுரிக்கு உரிய விலை தராததால் 2025இல் சித்தூர் விவசாயிகள் தவித்த தவிப்பை நாடறியும். அத்தகைய வீடுகளுக்கு மகள் கொண்டுவரும் மாதச் சம்பளம் பெரிய ஆதரவு. அதைக் குறைத்துப் பேசுவது இடதுசாரிகளின் வேலையன்று. அந்தச் சம்பளம் எவ்வளவு, அதற்காக எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் அது நீடிக்கும் என்று கேட்பதே அவர்களது வேலை.

கைபேசி விற்கப்பட்டவுடன் அதன் வணிகம் முடிந்துவிடுவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி, 2014 மார்ச்சில் ஒரு சந்தாதாரர் மாதத்துக்குச் சராசரியாகப் பயன்படுத்திய தரவு ஏறத்தாழ 62 எம்பி. 2023 டிசம்பரில் அது 18 ஜிபியைத் தாண்டியது. பத்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய 300 மடங்கு உயர்வு. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இவ்வளர்ச்சி வேகமெடுத்தது. இத்தரவைச் சேமித்து, பகுத்து, விற்பனைச் சரக்காக மாற்றும் இடமே ‘கிளவுட்’ எனப்படும் மேகக்கணிமை. உலகின் மேகக்கணிமைச் சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் உள்ளது. பண்டைய ஜமீன்தார் நிலத்துக்கு வாரம் வாங்கியதுபோல், இவர்கள் கணினித் திறனுக்கு வாடகை வாங்குகிறார்கள்.

திருமலைக்குச் செல்லும் பக்தர்கூட இந்த வலைக்கு வெளியே இல்லை. 2021இல் தேவஸ்தானத்தின் இணையவழி டிக்கெட் வழங்கலுக்கு ஜியோவின் மேகக்கணிமை வசதி பயன்படுத்தப்பட்டது. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் முன்பதிவு செய்யும்போது தடையின்றி இயங்கும் வசதி தேவைதான். ஆனால் ‘மேகராஜ்’ என்ற பெயரில் அரசே ஒரு மேகக்கணிமைத் திட்டத்தை வைத்திருக்கும் நாட்டில், பொது நிறுவனங்கள் தனியார் ஏகபோகத்தின் வாசலில் ஏன் நிற்க வேண்டும்?

பெயர்தான் மேகம், அது நிற்பது நிலத்தில், குடிப்பது தண்ணீர், உண்பது மின்சாரம். 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் தரவு மையம் அமைக்கப்போவதாக அறிவித்தது. அதானி குழுமமும் ஏர்டெல்லும் அதில் பங்காளிகள். அரசு நிலத்திலும் நீரிலும் மின்சாரத்திலும் சலுகைகளை அள்ளி வழங்குகிறது. கட்டுமானம் முடிந்தபின் ஒரு தரவு மையத்துக்குத் தேவைப்படும் ஆட்கள் சொற்பமே. அதே விசாகப்பட்டினத்தில், ஆயிரக்கணக்கான குடும்பங்களை வாழவைக்கும் உருக்காலையைத் தனியாருக்கு விற்க 2021 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உற்பத்திப் பிரிவிலும் இதே கதைதான். 2020இல் ஒன்றிய அரசு அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் கைபேசி உள்ளிட்ட மின்னணுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய். கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 விழுக்காடு வரை நிறுவனங்களுக்குக் கிடைக்கும். அந்த ஊக்கத்தொகை முதலீட்டோடும் விற்பனையோடும் கட்டப்பட்டது. நிரந்தர வேலையோடும் சங்க உரிமையோடும் கட்டப்படவில்லை.

தொழிலாளிக்குக் கிடைத்த ‘ஊக்கத்தொகை’ வேறு வகையானது. 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை, நாளொன்றுக்கான உச்ச வேலை நேரத்தை 9இலிருந்து 10 மணியாக உயர்த்த முடிவு செய்தது. காலாண்டுக்கான மிகைநேர வரம்பு 75இலிருந்து 144 மணியாக உயர்ந்தது. பெண்களின் இரவுப் பணிக்கும் கதவு திறக்கப்பட்டது. கையொப்பமிட்டு ‘சம்மதம்’ தெரிவித்தால் போதும் என்கிறார்கள். சங்கம் இல்லாத ஆலையில், ஒப்பந்த வேலையில் இருக்கும் ஒரு பெண் மறுப்புத் தெரிவித்துவிட்டு மறுநாளும் வேலையில் இருக்க முடியுமா? 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியபோது முன்வைக்கப்பட்ட எட்டு மணி நேர வேலைக் கோரிக்கை, நூறாண்டு கடந்த பின் பின்னோக்கி இழுக்கப்படுகிறது.

எல்லைக்கு இப்பால் கிடைத்த பாடங்கள் அப்பாலும் பயன்படும். ஸ்ரீபெரும்புதூரில் சலுகைகளைப் பெற்றுக்கொண்டு 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. மூலதனம் மூட்டை கட்டியபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் நின்றனர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியின் உணவால் பெண்கள் பாதிக்கப்பட்டபோது, அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்த பின்னரே விடுதிகளின் நிலை நாட்டுக்குத் தெரிந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட 12 மணி நேர வேலைச் சட்டத்திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர்; அதைத் தொடர்ந்து 2025 ஜனவரியில் அவர்களது சங்கம் பதிவு பெற்றது. தானாகக் கிடைக்காதது போராடினால் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். அரசுப் பணத்தில் சலுகை பெறும் ஒவ்வொரு ஆலையும் நிரந்தர வேலைக்கும் சங்க அங்கீகாரத்துக்கும் கட்டுப்பட வேண்டும். தரவு மையங்கள் உறிஞ்சும் நீர், மின்சாரக் கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும். மக்களின் தரவு பொதுத்துறைக் கட்டமைப்பில் காக்கப்பட வேண்டும். பத்து மணி நேரத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவற்றை வெறும் தீர்மானங்களாக நிறைவேற்றினால் போதாது. பாகங்கள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. லாபம் பல நாடுகளுக்குப் போகிறது. அவற்றைப் பொருத்தும் தொழிலாளியிடம் மட்டும் ‘நீ ஆந்திரம், நீ தமிழ்நாடு’ என்று பிரித்துப் பேசப்படுகிறது. தடாவிலும் சத்தியவேட்டிலும் ரேணிகுண்டாவிலும் தொழிலாளர்களின் பேருந்து நிற்கும் இடங்களில் தமிழிலும் தெலுங்கிலும் துண்டறிக்கைகள் கிடைக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் சங்கம் கட்டிய தோழர்களின் அனுபவம் ஸ்ரீசிட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். இரு மாநிலக் குழுக்களும் கைகோத்துச் செய்ய வேண்டிய இப்பணியை, அடுத்த மே தினம் வரை தள்ளிப்போடக் கூடாது.