எதற்காகப் புறப்பட்டாள்?

சென்ற விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கதை விளையாட்டைத் தொடங்கினோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் வழிவந்தது அது. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, “நான் கதவைத் தட்டுகிறேன்”, “நான் தோணிக்கடியில் ஒளிந்துகொள்கிறேன்” என்று சொல்லிச் சொல்லியே கதையை நகர்த்துவார்கள். எடுத்த காரியம் கைகூடுமா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகம் கொண்ட பகடை தீர்ப்புச் சொல்லும்.

பகடை என்றதும் வாப்பாவின் முகம் மாறியது. காசு வைத்து ஆடாவிட்டாலும் பகடையை வெறுத்துரைக்கும் நபிமொழி இருக்கிறது என்றார். ஆகவே இருபது கடதாசித் துண்டுகளில் எண்களை எழுதி, பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினோம். விளையாட்டில் ஒன்றும் குறையவில்லை. மூத்தம்மா மட்டும் “இதுவும் அதுதானே” என்று முணுமுணுத்தார்.

கதையை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. களம் எங்கள் வாவிதான். முழுநிலவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள் அல்லவா? எங்கள் கற்பனை நாட்டில் அந்த மீன்கள் திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டன. ஏன் என்று கண்டறியப் புறப்படும் நால்வரின் கதை இது. ஒவ்வொருத்தியும் தன் பாத்திரத்தின் பெயர், ஆயுதம், திறமை ஆகியவற்றோடு, எதற்காகப் புறப்பட்டாள் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும்.

மூன்று தாள்களில் ஒரே கதை. பெற்றோரை எதிரிகள் கொன்றுவிட்டார்கள், பழிவாங்க வாளெடுத்தாள். நான்காவது தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

முதல்நாள் ஆட்டம் அரை மணித்தியாலத்தில் படுத்துவிட்டது. கண்டல் காட்டுக்குள் ஒரு குழந்தை அழுகிறது என்றேன். எவரும் அசையவில்லை. அவர்களுடைய எதிரி அங்கே இல்லையே! “சரி, உங்கட உம்மா எப்படிப்பட்டவ? என்ன கறி ஆக்குவா?” என்று ஒருத்தியிடம் கேட்டேன். அவள் விழித்தாள். கொல்லப்படுவதற்காக மட்டும் எழுதப்பட்ட உம்மாவுக்குக் கறி ஆக்க நேரம் ஏது?

அப்போதுதான் வெறுந்தாள் தந்தவள் வாய் திறந்தாள். அவளுடைய உம்மாவின் வாப்பா 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களில் ஒருவர். “எங்கட மூத்தம்மா வாளெடுக்கல்ல. விடிஞ்சா புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்கிறண்டுதான் யோசிச்சிருக்கா” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மற்ற மூவரும் தங்கள் தாள்களை மெல்லத் திருப்பி வைத்தார்கள்.

காத்தான்குடியில் இருந்துகொண்டு இறந்த பெற்றோரை ஓர் அலங்காரமாகக் கதையில் சேர்ப்பது எனக்கு அன்றிலிருந்து கூச்சமாக இருக்கிறது. அது மரியாதைக் குறைவு என்பது ஒரு புறம். கதைக்கும் அது உதவுவதில்லை. இழப்பு நடந்து முடிந்தது, அதை யாராலும் அசைக்க முடியாது. இன்னும் கையில் இருப்பதுதான், நாளைக்குச் செய்தே ஆகவேண்டியதுதான், ஒரு பாத்திரத்தை எழுப்பி நடக்கவைக்கிறது. பழிவாங்கல் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் ஒரே கடையில் வாங்கியதுபோல அதைக் கொண்டுவந்தால் அது சொந்தச் சரக்கல்ல என்கிறேன்.

நல்ல முன்மாதிரிகள் தொலைவில் இல்லை. மட்டக்களப்புக் கூத்தில் கர்ணனைப் பாருங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிய கூத்தும் ‘கர்ணன் போர்’தான். பெற்ற தாயே வந்து, எதிரில் நிற்பவர்கள் உன் தம்பிமார் என்கிறாள். அவனோ தன்னை மதித்துச் சோறிட்டவனை விட்டுப் போகமுடியாது என்கிறான். அவனை இழுப்பது பழைய காயம் மட்டுமல்ல, உயிரோடு பக்கத்தில் நிற்கும் ஒரு நண்பனுக்குப் பட்ட கடன். அதனால்தான் தாயால் அந்தக் கடனோடு மோத முடிகிறது. 1885இல் சித்திலெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ வேறு வகை. எகிப்திலே பிறந்து, சிறு வயதில் கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் அசனுக்கு ‘நான் யார் பிள்ளை?’ என்ற கேள்வி இருக்கிறது. அவன் போகும் ஊரெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே போகிறது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பரீட்சைக்குப் பாடமாக்குவதோடு அதை விட்டுவிடுகிறோம்.

“கற்பனை உலகத்துக்குள்ளயும் கடனும் குடும்பமும் எதுக்கு?” என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்விதான். நானும் பறக்கும் பாம்பைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்தப் பாம்பு வரும்போது அவள் எதை இழந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வரவேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பெரிய பாம்பு.

வெறுந்தாள்காரி அடுத்த கிழமை தன் தாளை நிரப்பிக்கொண்டு வந்தாள். அவளுடைய பாத்திரம் இறால் பிடிக்கும் ஒரு பெண். தங்கைக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கவேண்டும். சுவர் எழும்பி, கூரையில்லாமல் நிற்கிறது. மாரி வருமுன் கூரை போடவேண்டும். அவ்வளவுதான். தங்கைமாருக்கு வீடு கட்டித் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு கட்டாரில் நிற்கும் காக்காமாரை அறிந்த எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாளெடுத்த மூவரும் தங்கள் காரணங்களை அழித்து எழுதினார்கள். ஒருத்தி, தோழிக்குக் கூரை போட உதவுவதாக வாக்குக் கொடுத்தவள் ஆனாள். அதோடு நால்வரும் ஒரே தோணியில் போவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இப்போது கதை பாலத்தடியில் நிற்கிறது. மீன்களின் குரலைச் சிமிழில் அடைத்து வைத்திருக்கும் கிழவி ஒருத்தி, இறால்காரியிடம் ஒரு பை பொன்னை நீட்டுகிறாள். கூரைக்குப் போதும், கதவுக்கும் மிஞ்சும். திரும்பிப் போய்விட்டால் அது அவளுக்கு. மீன்கள் இனிப் பாடமாட்டா.

நான் பேணியைக் குலுக்கி நீட்டினேன்.

“இதுக்குச் சீட்டு எடுக்க ஏலா. நான்தான் சொல்லோணும்” என்றாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அடுத்த கிழமை சொல்வதாக எழுந்து போனாள்.