தையலா, பின்னா?

 

சென்ற மாதம் தருமபுரிக்குப் போயிருந்தேன். என்னோடு நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழிக்கு வத்தல்மலையில் உறவு உண்டு. "வாயேன், காபித் தோட்டம் பார்த்துட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதை. மேலே போனால் சில்லென்ற காற்று, காபிச் செடி, மரத்தைத் தழுவிக்கொண்டு மிளகுக் கொடி. கண்ணுக்கு விருந்துதான்!

ஆனால் அங்கே நான் கண்ட ஒரு காட்சி வயிற்றைக் கலக்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் 11 நாள் பச்சைக் குழந்தை. தாய்க்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிரசவம். எட்டிப் பார்க்கப் போனால், அவள் பாயில் படுத்திருக்கிறாள், புருஷன் கையில் வண்டி ரிப்பேர் பார்க்கிற கொறடு!

"இதென்னப்பா?" என்றேன்.

"பின்னு எடுக்கணுங்க நர்சம்மா. ஏழாம் நாள் வரச் சொன்னாங்க. பச்சக் குழந்தையத் தூக்கிட்டு எப்படி எறங்கறதுன்னு அம்மா வேணாம்னுட்டாங்க. வெந்நீர்ல போட்டுக் கழுவிட்டேனுங்க" என்றான் அப்பாவியாக.

"கீழே வை அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதுவிட்டது.

அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள். "ஏங்க்கா, புத்தகத்துக்கு அடிக்கிற மாதிரி எனக்கு ஏன் அடிச்சாங்க? உள்ளே துருப்பிடிச்சுடுமா?"

நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். அதனால் இந்தத் தடவை இதையே பேசுவோம்.

தோலில் போடுகிற பின் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. சிசேரியனில் கர்ப்பப்பையை மூடுவது கரைகிற நூலால்தான். மேல் தோலுக்கு மட்டும் சில டாக்டர்கள் தையல் போடுவார்கள், சிலர் பின் போடுவார்கள். பின் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். தையலில் காயம் பிரிவது குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. எது என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்வார். நீங்களும் முன்கூட்டியே கேட்கலாம், தப்பில்லை.

இந்தப் பின்னுக்கு ஒரு கதை உண்டு. 1908ல் புடாபெஸ்ட் நகரில் ஹூல்ட்ல் என்ற டாக்டர், ஃபிஷர் என்ற கருவி செய்பவரின் துணையோடு, இரைப்பை ஆபரேஷனுக்கு ஒரு பின் அடிக்கும் கருவி செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல்! ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் அதைக் கோத்துத் தயார் செய்யவே 2 மணி நேரம் ஆகுமாம். இடியாப்ப உழக்கைக் கழுவி மாட்டவே அலுத்துக்கொள்கிறோமே, யோசித்துப் பாருங்கள்!

பிறகு ரஷ்யாவில் நல்ல கருவிகள் செய்தார்கள். 1958ல் அங்கே போன அமெரிக்க டாக்டர் ராவிட்ச் ஒன்றை வாங்கி வந்தார். அதிலும் அதே தொல்லை. தலைமயிர் போன்ற பின்களை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்க வேண்டும். ஒரு பின் தவறினால் குடலில் ஓட்டை!

டாக்டரே அல்லாத ஹிர்ஷ் என்பவர் இதைக் கவனித்தார். 'பின்களைத் தொழிற்சாலையிலேயே அடுக்கி, சுத்தம் செய்து, பொட்டலமாகக் கொடுத்தால் என்ன?' என்று யோசித்து, 1964ல் கம்பெனி தொடங்கினார். ஆஸ்பத்திரியின் சுமை இறங்கியது, ஆனால் அது தொழிற்சாலையின் தலையில் ஏறியது. உள் உறுப்புக்கான ஒரு சின்னக் கட்டையில் 80க்கு மேல் பின்கள். கம்பியின் பருமனோ ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். கம்பியை வெட்டி, வளைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒன்று தவறாமல் நிறுத்த வேண்டும். விடியற்காலைக்கும் ராத்திரிக்கும் ஒரே நிதானத்தோடு மனிதக் கை அதைச் செய்யுமா? அதனால்தான் ஸ்டேப்ளரைக் கண்டுபிடித்தால் போதாது, அதைக் கோக்கிற இயந்திரத்தையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை கவனமாக இருந்தாலும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் கணக்கே சாட்சி. 2011 முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர், பின் சம்பந்தமாக அங்கே வந்த புகார்கள் 41,000க்கு மேல். அவற்றில் 366 மரணங்கள். 2021ல் உள் உறுப்புக்கான ஸ்டேப்ளர்களுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள்.

'இயந்திரம் கண்டுபிடிப்பது நமக்கெங்கே?' என்று நினைக்காதீர்கள். நம் கோவை அருணாசலம் முருகானந்தம் என்ன படித்தார்? மனைவி மாதாந்திர நாட்களில் பழந்துணி வைப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் கிளம்பினார். நாப்கின் செய்யும் வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. அவர் அதே வேலையைப் பெண்கள் குழுவாகச் செய்கிற சின்ன இயந்திரமாக, ஆயிரக் கணக்கு ரூபாயில் செய்து காட்டினார். 2016ல் பத்மஸ்ரீ தேடி வந்தது.

சரி, கொறடுக்கு வருவோம். அடிக்கும்போது பின்னின் இரண்டு முனைகளும் தோலுக்குள் வளைந்து ஒன்றையொன்று பார்த்து நிற்கும். கொறடால் இழுத்தால் முனை தோலைக் கிழித்துக்கொண்டுதான் வரும். ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. அது பின்னின் நடுவை அழுத்தும், முனைகள் தாமாக விரிந்து வெளியே வரும். எறும்பு கடித்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

குறித்துக்கொள்ளுங்கள்:

• பின் எடுக்கும் தேதியை வீட்டுக்குக் கிளம்புமுன் எழுதி வாங்குங்கள். நாள் தள்ளினால் தழும்பு பதியும், சீழ் பிடிக்கவும் கூடும்.

• காயம் சிவந்து வீங்கினால், நீர் அல்லது சீழ் வந்தால், பிரிந்தால், காய்ச்சல் வந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே போங்கள்.

• மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் காயத்தில் வேண்டாம்.

• வயிற்றுக்குள் ஆபரேஷனில் போடும் பின்கள் பெரும்பாலும் டைட்டானியம். உள்ளேயே தங்கிவிடும், பயமில்லை. பின்னால் ஸ்கேன் எடுக்கும்போது மட்டும் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலை மாமியாரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் மலையிறங்கினோம். குழந்தை வழியெல்லாம் தூங்கிற்று! ஓரிடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. பின்களை எடுத்துக் கட்டுப்போட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

"இவ்வளவுதானா? இதுக்கா பயந்தேன்!" என்றாள் அந்தப் பெண். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ நானே நாளை எண்ணிக் கூட்டியாறேனுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமே எனக்கு!

உங்கள் வீட்டிலும் ஒருத்தர் அந்த நாளை எண்ணட்டும். அடுத்த இதழில் பார்ப்போம்.