புகையில்லா அடுப்பு: வாங்கினால் மட்டும் போதுமா?

விறகடுப்பு பழங்காலப் பொருள் என நாம் நினைக்கலாம். ஆனால், உலகில் ஏறத்தாழ 2.1 பில்லியன் மக்கள் இன்றும் புகை சூழவே சமைக்கின்றனர். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் 3.2 மில்லியன் பேர் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

புகையில்லா அடுப்பு இதற்குத் தீர்வாகுமா? அடுப்பை மாற்றினால் மட்டும் போதாது என்பதே என் கருத்து. 1980களில் இந்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, 30 மில்லியனுக்கும் மேற்பட்ட அடுப்புகளை வழங்கியது. அவற்றுள் பல, சில ஆண்டுகளிலேயே பழுதடைந்தன. பராமரிக்க வழியில்லாததால் பலர் பழைய அடுப்புக்கே திரும்பினர்.

எனவே, அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்கக்கூடாது. நம் பாத்திரம் அதில் பொருந்துமா, காற்று நன்கு உட்புகுமா, உடைந்தால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடியுமா எனவும் ஆராய வேண்டும்.

வாங்கிய பின்னரும் கவனம் தேவை. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால் புகை மிகும். ஆகவே, விறகைப் பிளந்து நன்கு உலர்த்த வேண்டும். சாம்பலை அன்றாடம் அள்ளுவதோடு, புகைபோக்கியில் படியும் கரியையும் தவறாமல் அகற்ற வேண்டும்.

இப்பொறுப்பைச் சமைப்பவர்மீது மட்டும் சுமத்துவது முறையன்று. அடுப்பில் வெந்த உணவை அனைவரும் உண்கிறோம். அதன் பராமரிப்பையும் அனைவரும் பகிர்ந்துகொள்வதே நியாயம்.