மாடித் தோட்டமும் தண்ணீர் எனும் அமானிதமும்



நம் குடும்பங்களில் வீட்டுத் தோட்டத்தின் மீது ஆர்வம் பெருகி வருகிறது. மதுரையில் காஜிமார் தெரு, நெல்பேட்டை, மகபூப்பாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளிலும் மொட்டை மாடிகளில் வளர்ப்புப் பைகளும் பழைய வாளிகளும் வரிசையாக நிற்கக் காண்கிறோம். இது மகிழ்ச்சிக்குரியது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகக் கணக்கிடப்படும் என்னும் கருத்தை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி தருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஆயினும், கார்த்திகையில் பசுமையாக நின்ற அதே பைகள் சித்திரையில் வறண்ட மண்ணோடு மூலையில் கிடப்பதையும் காண்கிறோம். காரணம் கேட்டால், "எங்களுக்குக் கைராசி இல்லை" என்பார் சிலர், "மதுரை வெயிலில் என்ன வரும்?" என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் சரியான விடைகள் அல்ல. பிற ஊரின் பயிரைப் பிற ஊரின் பருவத்தில் இங்கே வளர்க்க முயல்வதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். அத்தோல்வியில் வீணாவது பணம் மட்டுமன்று, தண்ணீரும்தான். வீட்டுத் தோட்டம் நன்மையாக அமைய வேண்டுமாயின், அது ஊரின் தட்பவெப்பத்துக்கும் தண்ணீருக்கும் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம்.

நிலத்துக்கு நிலம் வேறுபாடு

திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயமான அர்ரஃதின் 4ஆம் வசனம், அருகருகே அமைந்த நிலப்பகுதிகளைப் பற்றிப் பேசுகிறது. ஒரே தண்ணீர் பாய்ந்தும் அவற்றின் விளைச்சல் வேறுபடுவதைச் சிந்திப்போருக்கு அது சான்றாகக் காட்டுகிறது. இச்சான்றைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அம்மலையின் பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது.

மலையின் கீழே நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் நமது சமவெளிக்கு, ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தின் மூன்றே மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரியைக் கடப்பது வழக்கம். வெப்பம் 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நீடித்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சாகாமலே உதிர்கிறது. கொத்தமல்லி இலை விரிக்காமல் விரைவில் பூத்துவிடுகிறது. சித்திரையில் தக்காளி நட்டவர் தம் கைராசியை நொந்துகொள்வதில் பொருளில்லை.

வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர்களின் அனுபவமும் இதையே கூறுகிறது. துபாயிலும் தோஹாவிலும் இருப்பவர்கள், கோடை தணிந்த பிறகு அக்டோபர் வாக்கில் விதைத்து, அடுத்த கோடைக்கு முன்பே அறுவடையை முடித்துவிடுகிறார்கள். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் மழை உண்டு. அங்கே வெயிலைவிட, ஈரத்தால் வேர் அழுகுவதே கவலை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் அந்நாட்டின் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை வழங்கியது. அங்கிருந்து தங்கை அனுப்பும் காணொளியும், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் காணொளியும் அவரவர் ஊருக்குச் சரியானவையே. அவற்றின் நாட்காட்டி நம்முடையது அன்று.

இவ்வறிவு நம் முன்னோர்க்குப் புதியதன்று. வெயில் மிகுந்த அந்தலுஸில், 11ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலிய்யாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாமும் வேளாண்மை குறித்து விரிவான நூல்களை இயற்றினர். எந்த மண், எந்த நீர், எந்த எரு என்று வகைபிரித்து ஆராய்ந்த பிறகே அவர்கள் பயிரைப் பற்றிப் பேசினர். நாமோ விதைப் பொட்டலத்தின் வண்ணப் படத்தைப் பார்த்துத் தொடங்குகிறோம்.

நமக்குரிய பயிர், நமக்குரிய பருவம்

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை, பீர்க்கு, சுரை ஆகியவற்றை விதைக்கலாம். மழை தணியும் கார்த்திகை, மார்கழியில் தக்காளி நாற்று, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி ஆகியவை செழிக்கும். தைப்பட்டத்தில் மீண்டும் வெண்டையும் கொத்தவரையும் வெள்ளரியும் வரும். கடுங்கோடையில் புதியவற்றைத் தொடங்காமல், நிழல்வலையின் கீழ்த் தண்டுக்கீரை, பசலை, கறிவேப்பிலை, புதினா ஆகியவற்றைக் காப்பதே அறிவுடைமை. புதினாவுக்குக் காலை வெயில் மட்டும் போதும். இடமுள்ள வீட்டில் ஒரு முருங்கை அவசியம் வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதைத்து ஆறேழு மாதங்களில் காய்க்கத் தொடங்கிவிடும்.

சுரைக்காய்க்கு நம் உள்ளத்தில் தனி இடம் உண்டு. ஒரு தையற்காரர் அளித்த விருந்தில் நபி (ஸல்) அவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடி உண்டதைக் கண்டதாகவும், அன்று முதல் தாமும் அதை விரும்பத் தொடங்கியதாகவும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் சமவெளி எளிதில் தரும் காய் அது. ஒரு பெரிய பீப்பாயும் சிறு பந்தலும் இருந்தால் போதும்.

நோன்புக் கஞ்சிக்கான புதினாவையும் மல்லியையும் எண்ணிப் பாருங்கள். 2027 முதல் 2029 வரை ரமளான் பிப்ரவரியிலும் ஜனவரியிலும் தொடங்கவிருக்கிறது. மதுரையில் மல்லித்தழை நன்றாக வரும் காலமே அது. நோன்புக்கு நாற்பது நாட்களுக்கு முன், மல்லி விதையை இரண்டாக உடைத்து விதைத்தால், பிறை காணும் வேளையில் தழை தயாராக இருக்கும்.

தண்ணீரின் கணக்கு

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் தோட்டங்களையும் பயிர்களையும் பற்றிக் கூறி, விளைந்ததை உண்ணவும் அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுக்கவும் பணிக்கிறது. உடனே வீண்விரயத்தையும் தடுக்கிறது. தோட்டத்தைப் பற்றிய வசனத்திலேயே விரயம் பற்றிய எச்சரிக்கை வருவதை நாம் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டார் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வைகாசியில், குடிநீரை ஊற்றிக் காலிஃபிளவரைக் காப்பாற்ற முனைவது தர்மமாகாது. பயிர் பச்சையாக இருப்பது மட்டும் நன்மைக்குச் சான்றன்று.

அப்படியாயின் தண்ணீர் எங்கிருந்து வரும்? நம் உளூவிலிருந்தே வரும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்று குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் ஒரு வேளைக்கு ஐந்து லிட்டர் செலவிடுவதாகக் கொள்வோம். நால்வர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 100 லிட்டர் ஆகிறது. அதையே குவளையில் எடுத்து இரண்டு லிட்டரில் முடித்தால் 40 லிட்டர். அந்த 40 லிட்டரையும் ஒரு தொட்டியில் சேர்த்தால், பைக்கு இரண்டு லிட்டர் வீதம் இருபது பைகளுக்குப் போதும். குழாயிலிருந்து ஒரு சொட்டும் கூடுதலாகத் தேவைப்படாது.

உளூச் செய்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று பெண்கள் கேட்பதுண்டு. தாராளமாக ஊற்றலாம். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் அந்நீர் தூய்மையானதே; மீண்டும் உளூச் செய்யத்தான் அது ஆகாது. சாண எருவைக் குறித்தும் கேட்கிறார்கள். எருவிட்டு வளர்ந்த கீரை அதனால் அசுத்தமாகிவிடாது. எரு பட்ட பகுதியை நன்கு கழுவி உண்ண வேண்டும்.

வீடுகளைவிடப் பள்ளிவாசல்களுக்கு இதில் பொறுப்பு அதிகம். நூறு பேர் தொழும் பள்ளியில் ஒருவருக்கு மூன்று லிட்டர் என்றாலும், ஐந்து வேளைக்கு 1,500 லிட்டர் சாக்கடையில் கலக்கிறது. அதை ஒரு குழாய் வழியே திருப்பினால், பள்ளி வளாகத்திலோ மையவாடியிலோ முருங்கையும் வேம்பும் எலுமிச்சையும் நிற்கும். புதிய கட்டடப் பணிக்கு நிதி திரட்டும் ஜமாஅத் நிர்வாகிகள், இச்சிறு செலவையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நமது மதுரையில்தான் திறக்கப்பட்டது. அங்கு விற்கும் விவசாயியின் பிழைப்பை மாடித் தோட்டம் பறிக்கப் போவதில்லை, பறிக்கவும் கூடாது. மாறாக, ஒரு கத்தரிச் செடியைப் புழுவிடமிருந்து காப்பாற்றிப் பார்த்த குழந்தை, கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடாது. தட்டில் சோற்றை மிச்சம் வைக்கவும் தயங்கும். மக்தபில் பாடமாகச் சொல்லிப் புரியவைக்க இயலாததை ஒரு பை மண் புரியவைக்கும்.

விளைந்ததைப் பங்கிடுவதிலும் நமக்கு வழிகாட்டல் உண்டு. குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும், ஒரு பிடி முருங்கைக்கீரை சுவரைத் தாண்டிச் செல்லட்டும். அணில் கடித்த தக்காளிக்காகவும் வருந்த வேண்டாம். அதுவும் நம் தர்மக் கணக்கில் சேர்ந்ததே.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்குவோர் ஒரு கீரை, ஒரு காய், ஒரு புதினாத் தொட்டி என மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரின் அனுமதியை முதலில் பெறட்டும். ஐயம் இருப்பின், ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. உளூ நீரைச் சேர்க்கும் தொட்டியை வைத்த பிறகு விதையை வாங்குவோம்.

அல்லாஹ் நம் உணவில் பரக்கத்தையும், தண்ணீரில் பேணுதலையும், அண்டை வீட்டாரிடம் நல்லுறவையும் தந்தருள்வானாக. ஆமீன்.