யூரியா எந்தப் பக்கம்?

கலைச்சொற்களைப் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போய் நின்றுவிடுகின்றன. தூய தமிழா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்பதே கேள்வி. ஒரு சொல் எந்தக் குலத்தில் பிறந்தது என்று விசாரிப்பதில் காட்டும் அக்கறையை, அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில் நாம் காட்டுவதில்லை. 'ஆர்கானிக்' என்ற வேதியியல் சொல் தமிழில் எடுத்திருக்கும் உருவங்களைக் கொண்டு இதைச் சற்று விளக்க முயல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'கரிம வேதியியல்'. இலங்கைப் பாடநூலில் 'சேதன இரசாயனம்'. நம் வேளாண் துறை அதே சொல்லை 'அங்ககம்' என்கிறது. தமிழக அரசு 2023 மார்ச்சில் வெளியிட்ட கொள்கையின் பெயரும் அங்கக வேளாண்மைக் கொள்கைதான். கடைத்தெருவிலோ 'இயற்கை', அல்லது வெறும் 'ஆர்கானிக்'. மேலோட்டமாகப் பார்த்தால் இது கலைச்சொல் குழப்பம். உற்று நோக்கினால் ஓர் அறிவியலின் வரலாறே இதில் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது தெரியும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த பெர்சீலியஸ் முதலானோர் பொருள்களை இரண்டாகப் பிரித்தனர். உயிர்களின் உறுப்புகளில் உண்டாவன ஒரு வகை; கல், மண், தாது ஆகியவை மறுவகை. முன்னதை ஆக்க உயிராற்றல் ஒன்று வேண்டும், ஆய்வுக்கூடக் குடுவையில் அது கூடாது என்பது அக்கால நம்பிக்கை. 1828இல் பெர்லினில் வோலர் என்னும் வேதியியலாளர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றார். அதுவரை சிறுநீரிலிருந்து மட்டுமே பிரித்தெடுக்கப்பட்ட அப்பொருளைச் சிறுநீரகத்தின் துணையில்லாமலே ஆக்கிவிட்டதாக அவர் பெர்சீலியசுக்கு மடல் எழுதினார். சுவர் அன்றே இடிந்துவிடவில்லை, விரிசல் விழுந்தது. 1861 அளவில் கெக்குலே தம் பாடநூலில் இத்துறையைக் கரிமச் சேர்மங்களின் வேதியியல் என்றே வரையறுத்தார். பொருள் மாறிவிட்டது. ஐரோப்பிய மொழிகளில் பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது.

இப்போது நம் சொற்களைப் பாருங்கள். அங்ககம் என்பது வேர்ச்சொல்லின் நேர்பெயர்ப்பு. அங்கம் என்றால் உறுப்பு. சேதனம் என்பது பெர்சீலியஸ் காலத்துக் கருத்தின் பெயர்ப்பு. கரிமம் ஒன்றுதான் கெக்குலேக்குப் பிந்தைய பொருளைச் சொல்கிறது. மூலச்சொல்லே கைவிடாத பழைய நம்பிக்கையைத் தமிழ்ச்சொல் கைவிட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் துல்லியமாக அமைந்த அரிய இடங்களுள் இதுவும் ஒன்று.

சைவ சித்தாந்தம் பயின்றவர்க்குச் சேதனம் என்பது அறிவுடைப் பொருள், அசேதனம் சடம். அந்தக் காதோடு கேட்டால் பாலித்தீன் பையைச் சேதனச் சேர்வை என்பது விசித்திரமாக ஒலிக்கும். கரிமத்திலும் குறை உண்டு. சுண்ணாம்புக்கல்லிலும் கார்பன் டை ஆக்சைடிலும் கரி இருக்கிறது. ஆயினும் அவை கனிம வேதியியலில்தான் பேசப்படுகின்றன. ஆனால் கலைச்சொல்லின் கடமை சுட்டுவது. வரையறுப்பது பாடநூலின் கடமை. ஆகவே வேதியியலுக்குக் கரிமமே ஏற்றது என்பது என் கட்சி.

சிக்கல் இந்த வெற்றியிலிருந்தே தொடங்குகிறது. அகராதியில் 'ஆர்கானிக்' என்றால் கரிமம் என்று கண்டவர்கள், எங்கு அச்சொல் வந்தாலும் கரிமத்தைப் போட்டுவிடுகிறார்கள். செய்தித் தமிழில் 'கரிம உணவு', 'கரிம வேளாண்மை' என்றெல்லாம் படிக்கிறோம். என் மொழிபெயர்ப்பு வகுப்பு மாணவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். டிடிடி கரிமச் சேர்மம். உச்ச நீதிமன்றம் 2011இல் தடைசெய்த எண்டோசல்பானும் கரிமச் சேர்மமே. வோலரின் யூரியாவோ கரிம வேதியியலின் தலைவாசல். இவற்றையெல்லாம் விலக்கி விளைவித்த அரிசியைக் 'கரிம அரிசி' என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

ஒரே சொல்லை இரண்டு துறைக்கும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சான்று. 2021 மே மாதம் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, இனிச் சேதனப் பசளை மட்டுமே என்றது. விளைச்சல் வீழ்ந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடை விலக்கப்பட்டது. கொள்கையின் சரி பிழைகள் வேறு விவாதம். நான் சொல்ல வருவது சொல்லைப் பற்றி. பள்ளியில் பிள்ளை யூரியாவைச் சேதனச் சேர்வை என்று படிக்கிறது. வயலில் தந்தைக்கோ யூரியா சேதனப் பசளை அன்று என்று அறிவிக்கப்படுகிறது. இரண்டும் உண்மை. இந்த முரணைத் தீர்த்துவைக்கும் வழி அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆங்கிலம் பேசுவோர்க்கும் இதே இடர்ப்பாடுதான்.

தமிழ்நாட்டில் நமக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. வேதியியலுக்குக் கரிமம், உழவுக்கு அங்ககம் அல்லது இயற்கை என்று வெவ்வேறு சொற்கள் தாமே அமைந்துவிட்டன. 'ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல்' என்று சீர்மை வேண்டுவோர் இந்தப் பிரிவை ஒழுங்கின்மையாகக் காண்கிறார்கள். நான் இதைச் செல்வமாகக் காண்கிறேன். சீர்மை வேண்டியது பொருளுக்கு. ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கு அன்று. அங்ககம் வடசொல் என்பதற்காக அதை விலக்கிவிட்டுக் கரிமத்தை அங்கே நடுவது, தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. தெளிவாக இருந்த இடத்தைக் கலக்குவதாகும்.

யூரியா எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டால், தமிழில் ஒரே மூச்சில் விடை சொல்லலாம்: கரிமச் சேர்மம்தான், ஆனால் இயற்கை உரம் அன்று. இந்த வாக்கியத்தை 'ஆர்கானிக்' என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு எழுதிப் பாருங்கள். யூரியா ஆர்கானிக், ஆனால் ஆர்கானிக் அன்று என்றுதான் வரும்.